ஒரே அடித்தட்டு, இரண்டு ஆய்வுக்கூடங்கள்

உலோகத் தூளை லேசரால் உருக்கி அடுக்கடுக்காக அச்சிடும் எந்திரம் சிங்கப்பூரில், அச்சிட்ட உலோகம் எவ்வளவு தேய்கிறது என்று அளக்கும் கருவிகள் இங்கேயும் இங்கிலாந்திலும். இப்படி இரண்டு பல்கலைக்கழகங்கள் கைகோக்கும்போது முதலில் பேசி முடிக்க வேண்டியது மாதிரித் தகடுகளைப் பற்றி. "ஆளுக்குத் தனித்தனி ஓட்டத்தில் அச்சிட்டுப் பிறகு ஒப்பிடுவோம்" என்பது ஆளை ஏமாற்றும் யோசனை. முடிவு வேறுபட்டால், குற்றம் அச்சிலா தேய்ப்பிலா என்று பிரிக்கவே முடியாது. ஒரே தூள் தொகுதி, ஒரே அடித்தட்டு (மாதிரிகள் மேலே அச்சாகும் தட்டு), ஒரே அச்சு ஓட்டம், பிறகுதான் பங்கீடு.

தொடங்குவதற்கு 316எல் என்ற துருப்பிடிக்கா எஃகு வகை போதும். தூள் 15–45 மைக்ரான், லேசர் 200 வாட், வேகம் வினாடிக்கு 800 மி.மீ., லேசர் கோடுகளின் இடைவெளி 0.1 மி.மீ., அடுக்கின் தடிமன் 0.03 மி.மீ. என்று வைத்தால் ஆற்றல் அடர்த்தி (சக்தியை மற்ற மூன்றின் பெருக்கலால் வகுத்தது) கன மி.மீ.க்குச் சுமார் 83 ஜூல். அந்த ஒற்றை எண்ணை மட்டும் எழுதி அனுப்புகிறவர்கள் உண்டு, பயனில்லை. வேறு சக்தியிலும் வேகத்திலும் அதே 83 வரும், உள்ளிருக்கும் துளைகள் வேறாக இருக்கும். சரியாக உருகாத இடத்துத் துளை கோணல்மாணலானது. தேய்க்கும்போது அதன் விளிம்பு உடைந்து, துகள் இரு பரப்புக்கும் நடுவே சிக்கி அரைக்கும். எந்திரத்துக்குள் ஓடும் பாதுகாப்பு வாயு வெளியேறும் பக்கம் உள்ள தகடுகளில் உருகல் சிதறல்கள் விழுந்து குறைகள் கூடலாம். ஆகவே அடித்தட்டில் இருந்த இடம், அடுக்குத் திசை இரண்டையும் தகட்டின் பின்புறம் பொறித்துவிடுங்கள். ஒப்பீட்டுக்கு, அச்சிடாமல் வழக்கமாக உருட்டிய 316எல் தண்டில் வெட்டிய தகடுகளும் இரு பக்கமும் வேண்டும்.

சோதனை ஏஎஸ்டிஎம் ஜி99 முறைப்படி (சுழலும் தகட்டின் மேல் ஒரு முனையை அழுத்தித் தேய்க்கும் தரமுறை): 10 நியூட்டன் சுமை, வினாடிக்கு 0.1 மீட்டர், 1000 மீட்டர். ஓர் ஓட்டத்துக்கு ஏறத்தாழ 2 மணி 47 நிமிடம். பரப்பின் சொரசொரப்பு 0.8 மைக்ரானுக்குள் மெருகேற்றியிருக்க வேண்டும்.

அடுத்த தலைவலி ஈரப்பதம். வார இறுதியில் கட்டடத்தின் ஏர்கான் நின்றால் இங்கே அறை ஈரப்பதம் விறுவிறுவென ஏறும். இங்கிலாந்தில் குளிர்காலச் சூடேற்றி காற்றை உலர்த்திவிடும். எஃகுத் தேய்மானத்தில் ஆக்சைடுப் படலத்துக்குப் பங்கு உண்டு, அதனால் இது சின்ன விஷயமில்லை. கருவிக்கு மூடிய அறை கட்டி, இரு பக்கமும் 50 விழுக்காடு என்று ஒத்துக்கொள்வது நல்லது. வெறும் "அறை நிலை" என்று எழுதுவது பதிலே அல்ல.

எடை இழப்பை மட்டும் நம்பக்கூடாது. கழுவிய கரைப்பான் துளைகளில் தங்கும். பிறகு ஆவியானால் அதுவும் தேய்மானக் கணக்கில் சேரும். வெற்றிட அடுப்பில் உலர்த்தி, எடை மாறாமல் நிற்கும்வரை நிறுங்கள். 1 மில்லிகிராம் இழப்பு ஏறக்குறைய 0.127 கன மி.மீ.; இந்த ஓட்டத்தின் சுமையாலும் தூரத்தாலும் வகுத்தால் தேய்மான வீதம் 1.27×10⁻⁵ கன மி.மீ./நியூட்டன்·மீட்டர். இழப்பு இதைவிடக் குறைவென்றால் தேய்ந்த தடத்தின் குறுக்குவெட்டை அளப்பதே மேல்.

தூளை அனுப்பாதீர்கள், தகட்டை அனுப்புங்கள். டைட்டானியம், அலுமினியத் தூள்கள் தீப்பற்றக்கூடியவை. விமானத்தில் ஆபத்துப் பொருள் விதிகள் பாயும். தகடுகளைச் சிலிக்கா ஜெல்லோடு வெற்றிடப் பையில் அடைத்து, சுங்கத் தாளில் "ஆய்வு மாதிரி, விற்பனைக்கல்ல" என்று எழுதுங்கள். மதிப்பைச் சுழியம் என்று போட்டால் பெட்டி சுங்கத்தில் நின்றுவிடலாம். பொருள், வேலைச் செலவைக் கணக்கிட்டு நியாயமான தொகை போடுங்கள்.