இரவு 11 மணிக்கு ஒரு ஸ்பீக்கர்

ஸ்பீக்கர் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை வாட்?" என்றுதான். கோலாலம்பூரின் செந்தூலில் எனக்கு அடுக்குமாடி வீடு, சுவருக்கு அந்தப் பக்கம் கைக்குழந்தை. அந்தக் குழந்தை தூங்கிய பிறகு பாட்டுக் கேட்கும் எனக்கு வாட் கணக்கால் பயன் இல்லை. 86 டெசிபல் சென்சிட்டிவிட்டி உள்ள ஸ்பீக்கர், 1 வாட்டுக்கு 1 மீட்டர் தூரத்தில் 86 டெசிபல் தரும். எனக்கு 60 போதும். அதற்கு ஒரு வாட்டில் 400இல் ஒரு பங்குதான் செலவாகும்.

நான் பார்ப்பது வேறு. சத்தத்தைக் குறைத்த பிறகும் மிருதங்கத்தின் தொப்பி, அதாவது அதன் இடது பக்கம், கேட்கிறதா?

வலது பக்கமான வலந்தலை எப்படியும் கேட்டுவிடும். இடது உள்ளங்கை தோலை அழுத்தி நகரும்போது வளைந்து எழுமே, அந்தக் கும்கிதான் முதலில் காணாமல் போகும். சத்தம் குறையக் குறைய, தாழ்ந்த ஒலிகள்தான் (பேஸ்) நமக்கு முதலில் மங்கும். நம் காதின் இயல்பு அது. ஃபிளெட்ச்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1933லேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். காது கேட்கும் அளவுகளுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 226இன்படி, 1000 ஹெர்ட்ஸ் ஒலி 40 டெசிபலில் கேட்கும் அளவுக்கே 100 ஹெர்ட்ஸ் ஒலியும் கேட்க வேண்டுமென்றால், அதற்குச் சுமார் 64 டெசிபல் வேண்டும். ஏற்கெனவே பேஸ் குறைந்த ஸ்பீக்கர் என்றால், இரவில் தனி ஆவர்த்தனம் வெறும் டக் டக்தான்.

அதனால் கடையில் நான் சத்தத்தைக் குறைக்கச் சொல்வேன். பெட்டாலிங் ஜெயாவில் ஒரு கடைப் பையன் திகைத்தே போனான்.

"அக்கா, இவ்ளோ கம்மியா வெச்சா என்ன தெரியும்?"

"என் வீட்ல இவ்ளோதான் தம்பி வைக்க முடியும்."

அப்புறம் அவனே ஆர்வமாக ஒவ்வொரு ஜோடியாக மாற்றி மாற்றிப் போட்டான். விலை கூடிய ஒரு ஜோடி அந்த அளவில் உயிரே இல்லாமல் கிடந்தது. ஆறரை அங்குல வூஃபர் (பேஸ் தரும் கூம்பு) வைத்த, அலமாரியில் வைக்கிற அளவிலான சாதாரண புக்ஷெல்ஃப் ஜோடியில் கும்கி கேட்டது. அதையே எடுத்துக்கொண்டேன்.

ஸ்பீக்கரைச் சுவரை ஒட்டி வைத்தால் பேஸ் கொஞ்சம் கூடும். பக்கத்து வீட்டுக்கும் பொதுவான சுவராக மட்டும் இருக்கக்கூடாது. நாற்காலியையும் கிட்டே இழுத்துப் போடுங்கள். தூரம் பாதியானால் நேராக வரும் ஒலி 6 டெசிபல் கூடும். கூடுவது நமக்குத்தான், அடுத்த வீட்டுக்கு இல்லை. தலைக்கு மேல் ஓடும் ஃபேனின் இரைச்சலையும் அது தாண்டிவிடும். 1970களில் பிபிசி தன் ஒலிபரப்பு வண்டிகளுக்காக வடிவமைத்த எல்எஸ்3/5ஏ ஸ்பீக்கர் கூட, இப்படிக் கிட்டே உட்கார்ந்து கேட்பதற்கான சின்னப் பெட்டிதான்.

ஆம்ப்ளிஃபயரில், குறைந்த சத்தத்திலும் பேஸ் எடுபட வைக்கும் லவுட்னஸ் குமிழ் இருந்தால் மிகவும் நல்லது. யமாஹாவின் சில மாடல்களில் அதைக் கூட்டிக் குறைக்கவும் முடியும். வால்யூம் குமிழை மட்டும் நன்றாகச் சோதித்துப் பாருங்கள். பல குமிழ்களில் அடிமட்டத்தில் இடமும் வலமும் சமமாக இருக்காது, நடுவில் நிற்க வேண்டிய குரல் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். உள்ளேயே ஆம்ப்ளிஃபயர் உள்ள ஸ்பீக்கர் என்றால், பாட்டை நிறுத்திவிட்டு ட்வீட்டர் (கீச்சொலி தரும் சின்னக் கூம்பு) பக்கம் காதை வையுங்கள். நீங்கள் உட்காரும் தூரத்திலும் 'ஸ்ஸ்' என்று கேட்டால் வேறு ஜோடியைப் பாருங்கள்.