வேதாகமத்தை முதன்முறையாக வரிசையாக வாசித்து வருகிறேன்: ரோமர் வரையிலான அனுபவம்

தரங்கம்பாடிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் வேதாகமம் பெரும்பாலும் காது வழியாகவே வந்து சேர்கிறது. ஞாயிறு ஆராதனையில் பழைய ஏற்பாட்டிலிருந்து ஒரு பகுதியும், நிருபங்கள் என்னும் கடிதங்களிலிருந்து ஒரு பகுதியும், சுவிசேஷத்திலிருந்து ஒரு பகுதியும் வாசிக்கப்படுகின்றன. கலியாணத்துக்கும் அடக்கத்துக்கும் உரிய சங்கீதங்கள் பலருக்கு மனப்பாடம். சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715ஆம் ஆண்டு அச்சாகி வெளிவந்த ஊர் என்ற பெருமையும் எங்களுக்கு உண்டு. இருந்தும் 66 புத்தகங்களையும் முதலிலிருந்து கடைசி வரை வாசித்தவர்கள் எங்கள் தெருவில் மிகச் சிலரே, அந்தச் சிலரில் நான் இல்லை. சென்ற குறுவை அறுவடை முடிந்த பிறகு, பக்கத்தின் கீழ்ப்பாதியில் விளக்கக் குறிப்புகள் அச்சிட்ட கனத்த பதிப்பொன்றை வாங்கி ஆதியாகமத்திலிருந்து தொடங்கினேன். இப்போது அப்போஸ்தலர் நடபடிகளை முடித்து, பவுலின் நிருபமாகிய ரோமருக்கு வந்திருக்கிறேன்.

எங்கள் சபை ஐயர், அதாவது போதகர், "மாற்கு 16 அதிகாரந்தான், அதிலிருந்து ஆரம்பிங்க தம்பி" என்றார். நல்ல யோசனைதான். ஆனால் சுவிசேஷங்களை ஏற்கனவே துண்டு துண்டாகவாவது அறிந்திருக்கிறேன். அவற்றுக்கு முன்னால் உள்ள பெரும்பகுதிதான் எனக்கு இருட்டாக இருந்தது. ஆகவே வரிசைப்படியே போவது என்று முடிவு செய்தேன். அதிகாரத்தை முழுவதும் வாசித்துவிட்டு அதன் பிறகே கீழே உள்ள குறிப்புக்குப் போவது என்பதையும் ஒரு கட்டுப்பாடாக வைத்துக்கொண்டேன். குறிப்பை முதலில் வாசித்தால், வசனம் சொல்வதைக் கேட்பதற்கு முன்பே குறிப்பாசிரியரின் கருத்து நம் கருத்தாகிவிடுகிறது. தானியேல் புத்தகத்தில் இது நன்றாகத் தெரிந்தது. அங்கே சில பக்கங்களில் வசனம் நான்கு வரியும் குறிப்பு நாற்பது வரியுமாக இருக்கின்றன.

ஆதியாகமமும் யாத்திராகமத்தின் முற்பகுதியும் கதையோட்டத்தில் தாமாகவே நகர்ந்துவிடுகின்றன. யாத்திராகமம் 25ஆம் அதிகாரத்தில் ஆசரிப்புக் கூடாரத்தின் முழக்கணக்குகள் தொடங்கிய பிறகுதான் நடை தளர்கிறது. லேவியராகமத்தில் பலரும் நிறுத்திவிடுவதாகச் சொல்வார்கள். முதல் 7 அதிகாரங்களில் சர்வாங்க தகனபலி, போஜனபலி, சமாதானபலி, பாவநிவாரணபலி, குற்றநிவாரணபலி என்று ஐந்து வகைப் பலிகள் சொல்லப்படுகின்றன என்பதை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டதால் என்னால் அதைக் கடக்க முடிந்தது. எண்ணாகமத்தின் இரண்டு குடிக்கணக்குகளில் முதலாவது 6,03,550 என்றும் இரண்டாவது 6,01,730 என்றும் முடிகின்றன. இடையில் ஒரு தலைமுறையே வனாந்தரத்தில் மாண்டுபோன பிறகும் தொகை ஏறக்குறைய அப்படியே நிற்பதைக் கவனித்த பிறகு, அந்தப் பட்டியல்களும் எனக்கு வெறும் பட்டியல்களாக இருக்கவில்லை.

குறிப்புகளின் உண்மையான பயன் எனக்குப் பிடிபட்ட இடம் உபாகமம் 11ஆம் அதிகாரம். நீங்கள் போய்ச் சேரப்போகிற தேசம் எகிப்தைப் போன்றது அல்ல, எகிப்தில் விதை விதைத்துக் காலால் நீர் பாய்ச்சினீர்கள், இதுவோ வானத்து மழையைக் குடிக்கிற மலைநாடு என்று மோசே அங்கே சொல்கிறார். காலால் நீர் பாய்ச்சுவது என்பது மிதித்து இயக்கும் இறைப்புக் கருவியாக இருக்கலாம், அல்லது வாய்க்கால் கரையைக் காலால் உடைத்தும் அடைத்தும் நீரைத் திருப்புவதாக இருக்கலாம் என்று குறிப்பு இரண்டு விளக்கங்களைத் தருகிறது. இரண்டாவதற்கு எனக்கு விளக்கமே தேவைப்படவில்லை. மண்வெட்டியை எடுத்து வரச் சோம்பல்பட்டு மடையைக் காலாலேயே மிதித்து அடைக்காத விவசாயி கடைமடையில் இல்லை. ஆனால் அந்த வசனத்தின்படி பார்த்தால், மேட்டூரில் ஜூன் 12ஆம் தேதி தண்ணீர் திறப்பார்களா என்று காத்திருக்கும் நாங்கள் எகிப்தின் பக்கத்தில் நிற்கிறோம், வாக்குத்தத்த தேசத்தின் பக்கத்தில் அல்ல. ஆற்றை நம்பிய விவசாயமும் மழையை மட்டும் நம்பிய விவசாயமும் வெவ்வேறு விதமான அச்சங்களை வளர்க்கின்றன. பழைய ஏற்பாட்டின் அச்சம் இரண்டாவது வகையைச் சேர்ந்தது.

அதன் பிறகு மழை, காற்று, அறுவடை பற்றிய வசனங்களையெல்லாம் தனி நோட்டில் குறிக்கத் தொடங்கினேன். அந்த நாட்டில் முன்மாரி அக்டோபர், நவம்பர் வாக்கில் பெய்து உழவுக்கு நிலத்தை இளக்குகிறது. பின்மாரி மார்ச், ஏப்ரலில் பெய்து கதிரை முற்ற வைக்கிறது. அதன்பின் வாற்கோதுமை அறுப்பும் அதையடுத்துக் கோதுமை அறுப்பும் நடக்கின்றன. கோடை முழுவதும் வானம் வறண்டிருக்கிறது. ரூத் கதிர் பொறுக்கிய காலம் இந்த இரண்டு அறுப்புகளுக்கும் உட்பட்டது. இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் 1 சாமுவேல் 12ஆம் அதிகாரம் விளங்கியது. கோதுமை அறுப்பு நடக்கும் நாளில் சாமுவேல் இடியும் மழையும் கேட்கிறார், அவை வருகின்றன, ஜனங்கள் நடுங்குகிறார்கள். தை மாதத்தில் சம்பா கதிர் சாய்ந்து வயலிலேயே முளைத்துப் போவதைப் பார்த்துப் பழகியவனுக்கு அறுவடை நேரத்து மழை நஷ்டமே தவிர அற்புதம் அல்ல. குறிப்பு இல்லாமல் வாசித்திருந்தால் அந்த ஜனங்கள் ஏன் அவ்வளவு பயந்தார்கள் என்பதே தெரியாமல் அடுத்த அதிகாரத்துக்குப் போயிருப்பேன்.

காற்றின் திசை இன்னும் விசித்திரமானது. நமக்குக் கிழக்கிலிருந்து வருவது கொண்டல், அது மழையைக் கொண்டுவருவது. ஓசியா 13ஆம் அதிகாரத்திலோ கீழ்க்காற்று வனாந்தரத்திலிருந்து எழும்பி ஊற்றுகளை வற்றச் செய்கிறது. யோனாவின் தலையில் வெயில் படும்போது கூட வருவதும் அதே காற்றுதான். கிழக்கே பாலைவனம், மேற்கே மத்தியதரைக் கடல் என்ற படத்தை மனத்தில் வைத்துக்கொண்டால், தீர்க்கதரிசி எலியாவின் வேலைக்காரன் கர்மேல் மலையிலிருந்து கடலைப் பார்த்துக் கையளவு மேகத்தைக் கண்டது ஏன் என்பது புரிகிறது. லூக்கா 12ஆம் அதிகாரத்தில் மேற்கே மேகம் எழும்பினால் மழை வரும் என்கிறீர்கள் என்று இயேசு ஜனங்களிடம் சொல்வதும் இந்த வானிலையைத்தான்.

எலியாவின் கதைக்கே குறிப்பு இன்னொரு தளத்தைத் திறந்தது. சிரியாவின் ராஸ் ஷம்ராவில் 1929ஆம் ஆண்டு முதல் தோண்டி எடுக்கப்பட்ட களிமண் பலகைகளில் பாகால் புயலுக்கும் மழைக்கும் உரிய தெய்வமாகப் பாடப்படுகிறான். அப்படியானால் எலியாவின் நாளில் இஸ்ரவேலை ஆண்ட ஆகாப் ராஜாவின் காலத்தில் மழை நின்றுபோனது பொதுவான தண்டனை மட்டுமன்று. பாகாலுக்கு உரியது என்று நம்பப்பட்ட அதிகாரத்தையே அவனிடமிருந்து பறித்துக் காட்டுவது. எலியாவின் கதை வரும் மூன்று அதிகாரங்களை மறுபடியும் வாசித்தேன். இதுவரை வாசித்ததில் நான் மறுவாசிப்புச் செய்த மிக நீண்ட பகுதி அதுதான்.

நாளாகமத்தின் முதல் 9 அதிகாரங்களின் வம்சவரலாற்றைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. தீர்க்கதரிசிகளுக்கு வந்தபோது மட்டும் வரிசையைத் தளர்த்த வேண்டியதாயிற்று. கி.மு. 722இல் சமாரியாவும் கி.மு. 586இல் எருசலேமும் விழுந்தன என்ற இரண்டு ஆண்டுகளை அட்டையில் எழுதி, ஒவ்வொரு தீர்க்கதரிசியும் அவற்றுக்கு முன்பா பின்பா என்று பார்த்து, அந்தந்த இராஜாவின் பகுதியை இராஜாக்கள் புத்தகத்தில் திரும்ப வாசித்த பிறகே மேலே போனேன். ஆமோஸ் இந்த முறையில் மிகவும் துலங்கினார். அறுப்புக்கு மூன்று மாதம் இருக்கும்போதே மழை தடுக்கப்பட்டது என்று 4ஆம் அதிகாரத்தில் அவர் சொல்லும்போது, பொய்த்தது பின்மாரி என்பதை நோட்டைப் பார்க்காமலே சொல்ல முடிந்தது.

புதிய ஏற்பாட்டில் குறிப்புகளின் குணம் மாறுகிறது. மாற்கு 16ஆம் அதிகாரத்தின் 9 முதல் 20 வரையிலான வசனங்கள் மிகப் பழைய இரண்டு கிரேக்கப் பிரதிகளில் இல்லை என்று அறிவது சிலருக்குச் சங்கடமாக இருக்கலாம். எனக்கு அதை மறைக்காமல் அச்சிட்ட பதிப்பின்மேல் நம்பிக்கைதான் கூடியது.

அப்போஸ்தலர் 27ஆம் அதிகாரத்தில் பழைய உழைப்புக்குக் கூலி கிடைத்தது. உபவாச நாளும் கடந்துவிட்டதால் கப்பல் யாத்திரை ஆபத்தானது என்று பவுல் எச்சரிக்கிறார். அந்த உபவாச நாள் லேவியராகமம் 16ஆம் அதிகாரத்தின் பாவநிவிர்த்தி நாளே. நம் கணக்கில் செப்டம்பர் கடைசியோ அக்டோபரோ. நாகப்பட்டினம் மீனவர்கள் வானிலை அறிவிப்பைக் கவனமாகக் கேட்கத் தொடங்கும் ஐப்பசியை ஒட்டிய காலத்தில்தான் அந்தக் கடலும் அடைபடுகிறது. கப்பலை அடித்துச் சென்ற யூரோக்கிலிதோனும் வடகிழக்குக் காற்றுதான். வேதாகமத்தில் எங்கள் கடற்கரைக்குச் சரியாகப் பொருந்திய ஒரே வானிலை இதுதான்.

ரோமரில் நிலமும் இல்லை, மழையும் இல்லை. வாதம் மட்டுமே இருக்கிறது. ஒவ்வொரு வசனத்துக்கும் குறிப்பு நீளுகிறது, அது பெரும்பாலும் உபதேசக் குறிப்பு. ஆகவே 3ஆம் அதிகாரத்தோடு ரோமரை நிறுத்தி வைத்திருக்கிறேன். அதே வாதத்தை 6 அதிகாரங்களில் சொல்லும் கலாத்தியரைக் கீழ்ப்பாதியை மூடிக்கொண்டு இரண்டு முறை வாசித்துவிட்டு, பிறகு ரோமருக்குத் திரும்புவதாக இருக்கிறேன்.