எல்லையில் இருப்பவரின் ஓட்டு சென்னைக்கு வந்து சேர

"பட்டாளத்துக்காரங்களுக்கு எதுக்குங்க அரசியல்?" பரங்கிமலை, ஆவடி பக்கத்திலேயே இப்படிக் கேட்பவர்கள் உண்டு. கட்சியில் சேரக் கூடாது, கட்சிக் கூட்டத்துக்குப் போகக் கூடாது, நிதி கொடுக்கக் கூடாது என்று 1954-ஆம் ஆண்டின் ராணுவ விதிகள் தடுப்பது உண்மைதான். அதை வைத்து அவர்களுக்குக் கருத்தே கிடையாது என்பதும், எல்லோரும் ஒரே கட்சி என்பதும் அநியாயம். மேடையில் பேச முடியாதவருக்கு ஓட்டு ஒன்றுதான் மிச்சம். தபாலில் போகும் அந்த ஓட்டும் கவர் ஒட்டுவதில் வீணாகிறது.

வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்ப்பது படிவம் 2-இல், யூனிட் வழியாக. சொந்த ஊர்ப் பட்டியலின் கடைசிப் பாகத்தில் பெயர் வரும். கணவரோடு தங்கியிருக்கும் மனைவிக்கும் அதே வழி. சென்னையிலேயே இருப்பவர் சாதாரண வாக்காளராகவே தொடரலாம். ஒருவர் பெயர் இரண்டு இடத்தில் இருக்கக் கூடாது.

வேட்பாளர் பட்டியல் இறுதியானதும் ஓட்டுச் சீட்டு ஆன்லைனில் யூனிட்டுக்குப் போகும். பிரிண்ட் எடுத்து, டிக் அல்லது பெருக்கல் குறி போட்டு, சீட்டை மட்டும் உள் கவரில் (படிவம் 13பி) வைத்து ஒட்ட வேண்டும். ஓட்டு தன்னுடையதுதான் என்று கையெழுத்திடும் உறுதிமொழி (13ஏ) அந்தக் கவருக்குள் போகவே கூடாது. அதற்கு வெளியே, பெரிய கவருக்குள் (13சி) தனியாக இருக்க வேண்டும். எண்ணும்போது முதலில் தேடுவது 13ஏ-வைத்தான். அது கையில் கிடைக்காவிட்டால் உள் கவரைப் பிரிக்காமலேயே தள்ளிவிடுவார்கள். அதில் கையெழுத்தோ, அந்தக் கையெழுத்து உண்மை என்று அதிகாரி போடும் சான்றொப்பமோ விட்டுப்போனாலும் அதே கதிதான்.

சான்றொப்பம் சின்ன விஷயமில்லை. 2016 சட்டமன்றத் தேர்தலில் ராதாபுரம் தொகுதியில் வெற்றி வித்தியாசம் 49 ஓட்டு. சான்றொப்பப் பிரச்சினையால் தள்ளப்பட்ட தபால் ஓட்டுகள் 203. அவை தேர்தல் பணியாளர்களின் ஓட்டுகள் என்றாலும், பாடம் ஒன்றுதான்.

எண்ணிக்கை தொடங்கும் காலை 8 மணிக்குள் கவர் தேர்தல் அதிகாரியிடம் சேர வேண்டும். தபால்தலை தேவையில்லை. ஆனால் பனிமலைக் காவல் முகாமிலிருந்து தபால் இறங்கவே நாளாகும் என்பதால், சீட்டு வந்த அன்றே அனுப்பச் சொல்லுங்கள்.

தபாலை நம்ப முடியாத இடத்தில் இருப்பவருக்கு இன்னொரு வழி உண்டு. படிவம் 13எஃப் மூலம், அதே தொகுதியில் குடியிருக்கும் அம்மாவையோ மனைவியையோ பதிலாளாக நியமிக்கலாம். அவர் பூத்துக்குப் போய்த் தன் ஓட்டையும் போடலாம், படைவீரரின் ஓட்டையும் போடலாம். தன் ஓட்டுக்கு இடது ஆள்காட்டி விரலில் மை; படைவீரரின் ஓட்டுக்குப் பக்கத்து நடுவிரலில்.