ஃபார்மட் போடுவதற்கு முன்

வீட்டுக் கணினியில் உளவு மென்பொருள் புகுந்திருக்குமோ என்ற சந்தேகத்தோடு மும்பையில் எந்தப் பழுதுபார்க்கும் கடையின் படியேறினாலும் பெரும்பாலும் கிடைக்கும் முதல் பதில், "ஃபார்மட் போட்டுவிடலாம்" என்பதுதான். அந்தப் பதிலைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. மாட்டுங்காவில் என் சித்தப்பா வீட்டுக் கணினிக்கு நானும் கடைசியில் அதைத்தான் செய்தேன். ஆனால் உள்ளே வந்தது எது, எந்தத் தேதியில் வந்தது, எதையெல்லாம் பார்க்கக்கூடிய இடத்தில் அது உட்கார்ந்திருந்தது என்ற மூன்றையும் குறித்துக்கொள்ளாமல் வட்டைத் துடைத்துவிட்டால், கணினி சுத்தமாகிவிடும், களவு போனது என்னவென்பது மட்டும் ஒருநாளும் தெரியாமல் போய்விடும். கண்டுபிடிப்பதற்குத்தான் நேரம் செலவாகும், நீக்குவது எளிய வேலை. ஆகவே இந்தப் பதிவில் பெரும்பகுதி தேடியதைப் பற்றியதாகவே இருக்கும்.

சித்தப்பா ஓய்வுபெற்றவர். வங்கிக் கணக்கு, பங்குகளை வைத்திருக்கும் டீமேட் கணக்கு, வருமான வரிக் கணக்குத் தாக்கல், குடியிருப்புச் சங்கத்துக்கான கடிதங்கள் என அனைத்தும் அந்த ஒரே கணினியில்தான் நடக்கின்றன. ஏதோ சரியில்லை என்பதை முதலில் கவனித்தவர் சித்தி. கூகுளில் எதைத் தேடினாலும் முடிவுகள் வருவதற்கு முன் பெயர் தெரியாத ஒரு பக்கம் கண்ணிமைக்கும் நேரம் வந்து மறைவதை அவர் கண்டார். அதற்குச் சில நாட்கள் கழித்து, புதிய சாதனம் ஒன்றிலிருந்து உங்கள் மின்னஞ்சல் கணக்கில் நுழைந்திருக்கிறார்கள் என்ற எச்சரிக்கை சித்தப்பாவின் செல்பேசிக்கு வந்தது. என்னை அழைத்தபோது அவர் சொன்னது, "ஸ்கேன் போட்டுப் பாத்துட்டேம்மா, ஒண்ணுமே இல்லைன்னுதானே வருது?" என்பதே.

இந்த நிலையில் செய்ய வேண்டிய முதல் வேலை கணினிக்கு வெளியே இருக்கிறது. கணினியின் வைஃபை இணைப்பைத் துண்டித்துவிட்டு, சித்தப்பாவின் செல்பேசியிலிருந்தே மின்னஞ்சலின் கடவுச்சொல்லை மாற்றி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறச் செய்தோம். மற்ற எல்லாக் கணக்குகளின் கடவுச்சொல்லையும் மீட்டெடுக்கும் வழி மின்னஞ்சல்தான் என்பதால் அது காத்திருக்க முடியாது. சந்தேகத்துக்குரிய கணினியிலேயே உட்கார்ந்துகொண்டு கடவுச்சொல்லை மாற்றுபவர்களைப் பார்த்திருக்கிறேன். புதிய கடவுச்சொல்லையும் திருடனிடம் தாமே எடுத்துக் கொடுப்பதற்கு அது சமம்.

அடுத்து, ஸ்கேன் ஏன் ஒன்றுமில்லை என்று சொன்னது என்ற கேள்வி. விண்டோஸ் 11 உடன் வரும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் மோசமான காவல் அன்று. வெளிப்படையான திருட்டு மென்பொருள் ஒன்றை அது கண்டுகொள்ளாமல் விட்டிருக்கிறது என்றால் அதற்குக் காரணம் இருக்க வேண்டும். விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, வைரஸ் பாதுகாப்புக்கான அமைப்புகளுக்குள் போய், பலரும் அதுவரை உருட்டிப் பார்க்காத அடிப்பகுதியில் உள்ள, ஸ்கேன் தொடக் கூடாத இடங்களைக் குறிக்கும் விலக்குகள் என்ற பட்டியலைத் திறந்தேன். சாதாரண வீட்டுக் கணினியில் அந்தப் பட்டியல் காலியாக இருக்கும். இங்கே ஒரே ஒரு வரி இருந்தது: சி டிரைவ், முழுவதும். வாசல் காவலாளியை வேலைக்கு வைத்துவிட்டு வீட்டுப் பக்கமே திரும்பிப் பார்க்காதே என்று சொல்லிவைத்ததைப் போல, ஸ்கேன் நடந்தது, முடிந்தது, எதையும் பார்க்கவில்லை. சித்தப்பா கண்ட பச்சைக்குறியின் பொருள் அவ்வளவுதான்.

அந்த வரி தானாக வந்திருக்க முடியாது. விலக்குப் பட்டியலில் ஒன்றைச் சேர்க்க நிர்வாகி அனுமதி வேண்டும். அது எப்போது சேர்ந்தது என்பதையும் விண்டோஸ் எழுதி வைத்திருக்கிறது. விண்டோஸின் நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில், டிஃபெண்டருக்கென்று தனியாக உள்ள பதிவேட்டில், 5007 என்ற எண்ணுடன் வரும் பதிவு ஒவ்வொன்றும் டிஃபெண்டரின் அமைப்பில் ஏற்பட்ட ஒரு மாற்றத்தைக் குறிப்பது. பழைய மதிப்பு, புதிய மதிப்பு, தேதி, நேரம் எல்லாம் அதில் இருக்கும். சி டிரைவ் விலக்கப்பட்ட பதிவைக் கண்டுபிடித்து அதன் நேரத்தைக் குறித்துக்கொண்டு, குரோமின் தரவிறக்க வரலாற்றைத் திறந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, அதே மாலையில், சில நிமிடங்களுக்கு முன்பு, பிடிஎஃப் கோப்புகளைத் திருத்தும் ஒரு மென்பொருளின் கிராக் பதிப்பு, அதாவது உரிமப் பூட்டை உடைத்த திருட்டுப் பதிப்பு, கடவுச்சொல் இட்ட ஜிப் கோப்பாக இறங்கியிருந்தது. பதிவேட்டின் அளவுக்கு வரம்பு உண்டு, பழைய பதிவுகளின் மேல் புதியவை எழுதப்பட்டுக்கொண்டே போகும். ஃபார்மட் போட்டிருந்தால் இந்தத் தேதியும் அதனுடன் போயிருக்கும்.

ஜிப் கோப்புக்குள் ஓர் உரைக் குறிப்பும் இருந்தது. நிறுவுவதற்கு முன் ஆன்டிவைரஸை நிறுத்துங்கள், அது கிராக் கோப்பைத் தவறாக வைரஸ் என்று காட்டும், விண்டோஸ் அனுமதி கேட்டால் ஆம் என்று சொல்லுங்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் எல்லாக் கிராக்குகளும் ஏறக்குறைய இதே மூன்று வாக்கியங்களோடுதான் வருகின்றன. ஜிப் கோப்புக்குக் கடவுச்சொல் இடுவதற்குக் காரணமும் எளியது. பூட்டிய கோப்பின் உட்பகுதியை உலாவியோ மின்னஞ்சலோ ஸ்கேன் செய்ய முடியாது. சங்கத்தின் தீர்மானத்தில் ஒரு தேதியைத் திருத்துவதற்காக இதையெல்லாம் செய்திருக்கிறார் சித்தப்பா. அவரைக் குறைசொல்லிப் பயனில்லை. அந்தக் கணினியைத் தொகுத்துக் கொடுத்த கடையே விண்டோஸையும் உரிமமில்லாமல் போட்டுக் கொடுத்திருந்தது, கிராக் என்பது கணினியோடு கூடப் பிறந்தது என்றே அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

தேதி கிடைத்த பிறகு, உள்ளே வந்தது எங்கே ஒளிந்திருக்கிறது, ஒவ்வொரு முறையும் அதை எழுப்புவது எது என்று பார்க்க வேண்டும். டாஸ்க் மேனேஜரில் தெரியும் நிரலை நிறுத்துவதிலேயே பலர் நேரத்தைச் செலவிடுகிறார்கள். நிறுத்தியது அடுத்த முறை கணினியைத் திறக்கும்போது மீண்டும் வந்து நிற்கும். இதற்கு ஆட்டோரன்ஸ் என்ற சிறிய கருவியைவிடச் சிறந்த ஒன்றை நான் அறிந்ததில்லை. மார்க் ரஸினோவிச், பிரைஸ் காக்ஸ்வெல் இருவரும் 1996-இல் தொடங்கிய சிஸ்இன்டர்னல்ஸ் கருவித் தொகுப்பைச் சேர்ந்தது அது. 2006-இல் அவர்கள் நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் வாங்கிவிட்டதால், இன்று மைக்ரோசாஃப்டின் தளத்திலிருந்தே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். என் மடிக்கணினியில் இறக்கி, பென் டிரைவில் கொண்டுபோய், நிர்வாகி அனுமதியுடன் ஓட்டினேன். விண்டோஸ் எழும்போது தானாக ஓடக்கூடிய அனைத்தையும் ஒரே பட்டியலில் காட்டிவிடும் என்பதால் முதல் பார்வையில் தலை சுற்றும். மைக்ரோசாஃப்டின் சொந்தப் பதிவுகளை மறைக்கும் தேர்வை இயக்கிவிட்டால் பட்டியல் வெகுவாகச் சுருங்கும். மஞ்சள் நிறத்தில் தெரிவது கோப்பு இல்லாமல் பெயர் மட்டும் எஞ்சியிருப்பது, பெரும்பாலும் பழைய குப்பை. இளஞ்சிவப்பில் தெரிவது வெளியிட்டவர் யார் என்ற சான்று இல்லாதது. கவனிக்க வேண்டியது பின்னதை. நாணயமான சிறிய மென்பொருள்கள் சிலவும் இளஞ்சிவப்பில் வரும் என்பதால், நிறத்தை மட்டும் பார்த்து அழித்துவிடக் கூடாது.

இங்கே நிறத்தில் சிக்காத ஒன்றுதான் உண்மையான குற்றவாளி. நிரல்களைக் குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலர் பகுதியில், ஏதோ புதுப்பிப்பு வேலை என்று எண்ணத்தக்க பெயரில் ஒரு பணி இருந்தது. பயனர் உள்நுழைந்ததும் ஒருமுறை, பிறகு குறிப்பிட்ட இடைவெளியில் திரும்பத் திரும்ப ஓட வேண்டும் என்று அதற்குக் கட்டளை. ஓட்டுவது பவர்ஷெல்லை; அது எழுத்தில் தரும் கட்டளைகளை நிறைவேற்றும், மைக்ரோசாஃப்ட் கையெழுத்திட்ட நிரல் என்பதால் ஆட்டோரன்ஸ் அதைச் சந்தேகத்துக்குரியதாகக் காட்டவில்லை. அந்தப் பகுதியை வரிவரியாகப் படித்தபோதுதான் அகப்பட்டது. பணியைத் திறந்து பார்த்தால், திரையில் தெரியாதபடி பவர்ஷெல்லைத் திறக்கும் கட்டளையும், அதைத் தொடர்ந்து எழுத்தும் எண்ணும் கலந்து பல வரிகளுக்கு நீளும் ஒரு சரமும் இருந்தன. அது பேஸ்64, தரவை எழுத்தும் எண்ணுமாக மாற்றி எழுதும் குறிமுறை. என் மடிக்கணினியில் அவிழ்த்துப் பார்த்தபோது, ஓர் இணைய முகவரியிலிருந்து கோப்பொன்றை இறக்கி, நிரல்கள் தம் தரவை வைத்துக்கொள்ளும் ஆப்டேட்டா கோப்புறைக்குள் வைத்து ஓட்டும் கட்டளை வெளிப்பட்டது. அந்தக் கோப்பை மட்டும் அழித்திருந்தால், இணைப்பு வந்ததும் அது மறுபடி இறங்கியிருக்கும்.

கோப்பு எந்த வகை என்பதை உறுதி செய்ய வைரஸ்டோட்டலை நாடினேன். 2004-இல் ஸ்பெயினில் தொடங்கப்பட்டு 2012-இல் கூகுள் வசமான அந்தச் சேவை, ஒரு கோப்பை எழுபது அளவிலான ஆன்டிவைரஸ் பொறிகளிடம் காட்டி அவற்றின் தீர்ப்பைச் சொல்லும். கோப்பையே ஏற்ற வேண்டியதில்லை, அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் ஷா-256 என்ற கைரேகையைத் தேடினாலே போதும். சொந்த ஆவணங்களை ஒருபோதும் அங்கே ஏற்றக் கூடாது. ஏற்றியவை பாதுகாப்பு நிறுவனங்களோடு பகிரப்படும். பெரும்பாலான பொறிகள் தகவல் திருடும் வகை என்றே சொல்லின. சித்தி கண்டபடி தேடல் முடிவுகளைத் திருப்பிவிட்டது, குரோமில் கூடுதலாகச் சேரும் நீட்டிப்பு ஒன்று; அது இதனோடு இலவச இணைப்பாக வந்தது. நீக்கும் பொத்தான் இல்லாமல், உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது என்ற வாசகத்தோடு அது உட்கார்ந்திருந்தது. ஓய்வுபெற்றவரின் வீட்டுக் கணினியை நிர்வகிக்கும் நிறுவனம் எது என்று கேட்டாலே விடை தெரிந்துவிடும். விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் குரோமுக்கான கொள்கைப் பதிவுகளில் அதன் பெயர் எழுதப்பட்டிருந்தது.

தகவல் திருடும் வகை என்று தெரிந்ததும் கவலை கூடியது. 2025 மே மாதம் மைக்ரோசாஃப்ட் நீதிமன்ற உத்தரவு பெற்று, லும்மா என்ற இதே வகைத் திருட்டு மென்பொருளுக்குப் பயன்பட்ட ஏறத்தாழ 2,300 இணைய முகவரிகளை முடக்கியது. அதற்கு முந்தைய இரண்டு மாதங்களில் மட்டும் 3,94,000-க்கும் மேற்பட்ட விண்டோஸ் கணினிகளில் அது இருந்ததாக அந்த நிறுவனம் தெரிவித்தது. இந்த வகை மென்பொருள் மாதக்கணக்கில் ஒளிந்திருந்து வேவு பார்க்க வேண்டியதில்லை. உலாவியில் சேமித்த கடவுச்சொற்களையும், தளங்கள் உலாவியில் விட்டுவைக்கும் சிறு அடையாளத் தரவுகளான குக்கீகளையும் வந்த சில நிமிடங்களில் அள்ளி அனுப்பிவிடும். குக்கீதான் இதில் ஆபத்தானது. ஏற்கெனவே உள்நுழைந்துவிட்டவர் என்ற அடையாளம் அதில் இருப்பதால், ஓடிபி கேட்கும் கட்டத்துக்கே திருடன் வர வேண்டியதில்லை. சித்தப்பாவின் மின்னஞ்சலுக்குள் ஓடிபி இல்லாமல் நுழைந்தது இப்படித்தான் என்று கருதுகிறேன். 2024 ஜூலையில் வந்த குரோம் 127, விண்டோஸில் குக்கீகளுக்குக் கூடுதல் பூட்டு ஒன்றைப் போட்டது; திருடுபவர்கள் சில மாதங்களிலேயே அதைச் சுற்றிப் போக வழி கண்டார்கள்.

தேதியும் வகையும் கையில் இருந்ததால் கணக்குகளின் பட்டியலை எழுதுவது எளிதாயிற்று: அந்த நாளில் உலாவி நினைவில் வைத்திருந்த அனைத்தும், அதற்குப் பிறகு தட்டச்சு செய்த அனைத்தும். வங்கி, டீமேட், வருமான வரித் தளம் ஆகியவற்றின் கடவுச்சொற்களை என் மடிக்கணினியிலிருந்து மாற்றினோம். மின்னஞ்சலின் அமைப்புகளில் வடிகட்டிகளையும் தானாக முன்னனுப்பும் முகவரிகளையும் பார்த்தபோது, வங்கியின் பெயர் வரும் அஞ்சல்களை நேரே குப்பைக்கு அனுப்பும் வடிகட்டி ஒன்று புதிதாக இருந்தது. கடவுச்சொல்லை மட்டும் மாற்றிவிட்டு நிறுத்தியிருந்தால் அது அப்படியே வேலை செய்துகொண்டிருக்கும். டாக்குமென்ட்ஸ் கோப்புறையில் பான் அட்டை, ஆதார் அட்டை இரண்டின் நகல்களும் இருந்தன. அவற்றை மாற்ற வழியில்லை. ஆதாரின் உயிர்க்குறித் தகவல்களைப் பூட்டிவைக்கலாம், பெயரில் புதுக் கடன் எதுவும் எழவில்லை என்பதைக் கடன் தகவல் அறிக்கையில் பார்த்துக்கொள்ளலாம். ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் விதி இருக்கிறது. பணம் போயிருந்தால் நேரம் கடத்தாமல் இணையப் பண மோசடிகளுக்கான உதவி எண் 1930-ஐ அழைத்திருப்போம்; நல்லவேளையாக அந்த அளவுக்குப் போகவில்லை.

இதற்குப் பிறகுதான் ஃபார்மட். கண்டுபிடித்ததை எல்லாம் கையால் நீக்கிவிட்டு, விண்டோஸ் எழும் முன்பே நடக்கும் டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேனையும் ஓட்டி, அதே விண்டோஸைத் தொடர்ந்து பயன்படுத்தலாமே என்று கேட்கலாம். விளம்பரம் காட்டும் நீட்டிப்பு மட்டும் வந்திருந்தால் அப்படித்தான் செய்திருப்பேன். நிர்வாகி அனுமதி பெற்ற ஒரு நிரல் வேறு எங்கெல்லாம் கைவைத்தது என்பதற்கு எந்த ஸ்கேனும் உத்தரவாதம் தர முடியாது. ஆவணங்களையும் நிழற்படங்களையும் மட்டும் வெளியே எடுத்தோம், ஓடக்கூடிய கோப்பு ஒன்றைக்கூட எடுக்கவில்லை. என் மடிக்கணினியில் மைக்ரோசாஃப்டின் கருவியைக் கொண்டு பென் டிரைவில் நிறுவல் வட்டு தயாரித்து, பிரிவுகளை எல்லாம் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவி, உரிமத்தை விலைகொடுத்து வாங்கினோம். எட்டு ஜிபி பென் டிரைவ் அதற்குப் போதும்.

புதிய விண்டோஸில் சித்தப்பாவின் கணக்கு நிர்வாகி கணக்காக இல்லை. நிர்வாகியின் கடவுச்சொல் சித்தியிடம் இருக்கிறது. அனுமதி கேட்டு ஏதாவது பெட்டி வந்தால் அவரிடம் கேட்டாக வேண்டும், அவர் காரணம் கேட்பார். தகவல் திருடும் மென்பொருளுக்கு நிர்வாகி அனுமதி கட்டாயம் இல்லை என்பதால் இது முழுக் காவல் ஆகிவிடாது, ஆனால் டிஃபெண்டரின் கண்ணைக் கட்டும் வேலை இனிச் சித்தியைத் தாண்டித்தான் நடக்க வேண்டும். கடவுச்சொற்கள் உலாவியில் இல்லை, அலமாரியில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் இருக்கின்றன. பாதுகாப்பு வல்லுநர்கள் முகம் சுளிக்கலாம், அந்த வீட்டுக்கு அதுவே சரி என்பது என் எண்ணம். பிடிஎஃப் கோப்பில் தேதியைத் திருத்த லிப்ரே ஆஃபீஸ் டிரா போதுமென்று காட்டிக் கொடுத்தேன். அங்கே போகும்போதெல்லாம் விலக்குப் பட்டியலையும் டாஸ்க் ஷெட்யூலரையும் திறந்து பார்த்துவிட்டு வருகிறேன். இதுவரை இரண்டிலும் புதிதாக எதுவும் இல்லை.