மெல்லினத்தில் நின்ற வகுப்பு

2020 மார்ச் 13, வெள்ளிக்கிழமை. என் முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் 23 பேருக்கும் அன்றுதான் வல்லின உயிர்மெய் எழுத்துகளை முடித்தேன். ஒரு வார விடுமுறை முடிந்து வந்ததும் மெல்லினம் என்று சொல்லி அனுப்பினேன். பின்சுவரில் அவர்கள் பல் துலக்கும் குவளைகள் பெயர் ஒட்டி வரிசையாகத் தொங்கின. குவளைக்குச் சொந்தக்காரர்கள் திரும்பி வந்தது ஜூலை 22ஆம் தேதி.

நான் மலேசியாவில், கிள்ளான் வட்டாரத்தில் ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை. அந்த இரண்டு ஆண்டுகளைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருக்கிறேன்.

எனக்கு அது கொரோனா நோயில் தொடங்கவில்லை, அரசியலில் தொடங்கியது. 2018 மே மாதம் 61 ஆண்டுகளுக்குப் பிறகு நாட்டில் முதன்முறையாக ஆட்சி மாறியபோது விடிய விடிய விழித்திருந்து முடிவுகளைப் பார்த்தவள் நான். அந்த ஆட்சி 22 மாதங்கள்கூட முழுதாக நிற்கவில்லை. 2020 பிப்ரவரி 24, திங்கட்கிழமை, பிரதமர் மகாதீர் பதவி விலகினார். அந்த வாரம் முழுக்க ஒரு கையில் வெண்பலகைப் பேனா, இன்னொரு கையில் திறன்பேசி. யார் எந்தப் பக்கம் தாவினார், அரண்மனைக்குள் யாருடைய கார் போனது என்று பாடத்தின் நடுவே பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு பையன் நோட்டை நீட்டிக்கொண்டு எவ்வளவு நேரம் என் பக்கத்தில் நின்றான் என்று எனக்குத் தெரியாது. 'டீச்சர், எழுதிட்டேன்' என்று அவன் சொன்னது மூன்றாவது தடவையோ நான்காவது தடவையோதான் காதில் விழுந்தது.

மார்ச் 1ஆம் தேதி முகிதின் யாசின் பிரதமரானார். பதினைந்து நாள் கழித்து, 16ஆம் தேதி இரவு, அவரே தொலைக்காட்சியில் தோன்றி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையை அறிவித்தார். 18ஆம் தேதி முதல் எல்லாம் மூடல். சாலைத் தடுப்புகளில் போலீசும் ராணுவமும். மாலை ஐந்து மணி ஆனால் சுகாதாரத் தலைமை இயக்குநர் நூர் ஹிஷாம் அப்துல்லா படிக்கும் எண்ணிக்கைக்காக வீடே காத்திருக்கும்.

அப்புறம் இல்லிருப்புக் கற்றல், அதாவது வீட்டில் இருந்தபடியே படிப்பது. கேட்க நன்றாக இருக்கும் சொல். என் வகுப்பில் ஒன்பது வீடுகளில் ஒரே ஒரு திறன்பேசி, அதுவும் அப்பாவின் சட்டைப் பையில். ஒருவர் துறைமுகத்துக்கு லோரி ஓட்டுபவர், இன்னும் சிலர் தொழிற்சாலையில் 'ஷிப்டு'. அவர்கள் வீடு திரும்பி, குளித்து, சாப்பிட்ட பிறகுதான் பிள்ளையின் கைக்குத் திறன்பேசி வரும். ஆகவே எங்கள் மெல்லினம் இரவு ஒன்பதரை மணிக்கு நடந்தது. புலனத்தில் (வாட்ஸ்அப்) நான் 'ஞ, ஞா, ஞி' என்று சொல்லி அனுப்புவேன். அவர்கள் திருப்பிச் சொல்லி அனுப்புவார்கள். பின்னணியில் மின்விசிறிச் சத்தம், தம்பியின் அழுகை, கீழ்மாடியில் யாரோ போடும் சண்டை. 'ங' வரிசையை ஒரு பிள்ளை எப்படி உச்சரிக்கிறது என்று அந்த இரைச்சலுக்குள் கேட்க, ஒரே பதிவை ஐந்தாறு முறை ஓட்ட வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் வேறு எதுவும் காதில் ஏறாது. நாள் முழுக்க நெஞ்சில் கிடந்த கனம் அந்த ஒரு மணி நேரம் இல்லாமல் இருந்ததை நான் கவனித்ததே சில வாரங்கள் கழித்துத்தான்.

ஒரு நாள் லோரி ஓட்டும் அந்த அப்பாவிடம் அரசியலைப் பற்றி வாய் தவறி ஏதோ புலம்பிவிட்டேன். 'யாரு பிரதமரா வந்தாலும் என் லோரி காலையில அஞ்சு மணிக்குக் கிளம்பணும் டீச்சர்' என்றார் சாதாரணமாக. அன்றைக்கு அது எனக்குப் பெரிய ஞானமாகப் பட்டது. கொஞ்ச நாள் அதையே பிடித்துக்கொண்டேன். செய்தி பார்ப்பதையே விட்டேன். நிம்மதியாகத்தான் இருந்தது.

ஆனால் அது நிலைக்கவில்லை. யார் ஆள்கிறார் என்பது ஆறு மாதத்தில் நான்காவது மாடி வீட்டுக்குள் வந்துவிடுகிறது. பள்ளியை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்பதை அவர்கள்தான் முடிவு செய்கிறார்கள். 2021ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தை ஒட்டி 500 பள்ளிகளில் ஒன்றரை லட்சம் மாணவர்களுக்கு மடிக்கணினி என்று அறிவித்தார்கள். அந்தப் பட்டியலில் எந்தப் பள்ளி இருக்கிறது, எது இல்லை என்பதும் அரசியல்தான். எங்கள் பிள்ளைகளுக்கு வரவில்லை. 2021 ஜனவரி 12ஆம் தேதி அவசரகாலம் அறிவித்து நாடாளுமன்றத்தையே நிறுத்தி வைத்தபோது, இதைக் கேட்க வேண்டிய இடமும் பூட்டிக் கிடந்தது. 'எவர் ஆண்டால் என்ன' என்று சொல்லிக்கொள்வதைத் தத்துவம் என்று நான் இனி ஏற்கமாட்டேன். அது களைப்பு. களைத்தவரைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. மாதச் சம்பளம் தவறாமல் வந்த எனக்கு அந்தக் களைப்பை இரவல் வாங்கிக்கொள்ளவும் உரிமையில்லை.

அந்த ஆண்டு ஜூன் கடைசியிலிருந்து வீடுகளின் முன்னால் வெள்ளைக் கொடிகள் தொங்கின. உணவுக்கு வழியில்லை, உதவி வேண்டும் என்று அர்த்தம். பயிற்சித் தாள்களை அச்சிட்டு, தலைமையாசிரியரின் கடிதத்தோடு நான் எடுத்துப் போகும் அடுக்குமாடியிலும் ஒரு பழைய தலையணை உறை கம்பியில் கட்டியிருந்தது. அது என் மாணவி ஒருத்தியின் வீடு. தாள்களோடு அரிசியும் டின் சாடின் மீனும் கொண்டுபோனோம். சக ஆசிரியர்கள் கேட்காமலே பணம் போட்டார்கள்.

அந்த மாணவியின் அப்பாவை ஜூலை இறுதியில் மருத்துவமனையில் சேர்த்தார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவு. அம்மா இரவில் செய்தி அனுப்பியிருந்தார். நான் 'மனதைத் தளரவிடாதீர்கள், இதுவும் கடந்து போகும்' என்று எழுதி அனுப்பினேன். சிறிது நேரம் பதில் இல்லை. பிறகு வந்தது: 'அவருக்கு நாளைக்கு நாப்பது வயசு ஆகுது டீச்சர்.'

மூன்றாம் நாள் அவர் இறந்துபோனார்.

அந்த வாக்கியத்தை நான் பிறகு யாரிடமும் சொன்னதில்லை. எட்ட நின்று பார்த்தால் எல்லாம் கடந்துதான் போகிறது. எட்ட நிற்க முடிந்தவர்களுக்கு அது ஆறுதல். அந்த அம்மாவுக்கு அதைச் சொன்னது எவ்வளவு பெரிய பிழை என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன். எனக்குத் தேவைப்பட்ட தூரம் வேறு. என் கை எட்டுகிற தூரம். அதற்குமேல் தள்ளி நின்றால் மனிதர் முகம் மறைகிறது. செய்திக்குள்ளேயே மூக்கை வைத்துக்கொண்டிருந்தபோதும், நோட்டை நீட்டிய பையனின் முகம் எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு பெற்றோரிடம் நான் கேட்டதெல்லாம் 'சாப்பிட்டீர்களா, தாள் கொண்டு வரவா, பிள்ளை தூங்குகிறதா' என்பது மட்டும்தான். செய்தியை இரவு பத்தரைக்குமேல், குரல் பதிவுகள் எல்லாவற்றையும் கேட்டு முடித்த பிறகு, ஒரு முறை படித்தேன். ஆகஸ்ட் 16ஆம் தேதி முகிதின் விலகினார், 21ஆம் தேதி இஸ்மாயில் சப்ரி பதவியேற்றார். பதினெட்டு மாதங்களில் மூன்றாவது பிரதமர். அன்றிரவு எங்கள் இரண்டாம் ஆண்டு வகுப்பில் இடையினம் திருப்புதல் நடந்தது. அப்பாவை இழந்த அந்தப் பிள்ளை அன்றுதான் முதன்முறையாக மறுபடி குரல் அனுப்பினாள். ய, ர, ல வரைக்கும் வந்து நின்றுவிட்டாள். நான் 'நல்லா இருக்கும்மா, மிச்சம் நாளைக்கு' என்றேன்.

2022 நவம்பர் 19, பொதுத்தேர்தல். வாக்குச்சாவடி ஒரு பள்ளிக்கூடத்தில். சுவரில் எழுத்து அட்டைகள் ஒட்டியிருந்த வகுப்பறையில் வாக்களித்துவிட்டு, இடது கைச் சுட்டுவிரலில் மையோடு வெளியே வந்தேன். வரிசையில் அந்த லோரிக்காரர் நின்றிருந்தார். இரவு ஓட்டம் முடித்து நேராக வந்திருக்கிறார், கண் சிவந்திருந்தது. வரிசை நீளம், இன்னும் ஒரு மணி நேரமாவது ஆகும்.

'டீச்சர், இவனுக்கு ழ நல்லா வருது. ள தான் சறுக்குது' என்றார்.

'அடுத்த வாரம் நோட்டோட எங்கிட்ட வரச் சொல்லுங்க' என்றேன்.