டேங்க் கதவுக்குப் பொத்தான் வைத்தாயிற்று

என்னிடம் இருப்பது 2012 மாடல் ஹார்லி ஸ்ட்ரீட் கிளைடு பைக், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ரிமோட் பாக்கெட்டில் இருந்து, இக்னிஷன் சுவிட்சையும் பூட்டாமல் வைத்திருந்தால் இந்த வண்டியைச் சாவி போடாமலே ஓட்டலாம். ஆனால் பெட்ரோல் போடுவதென்றால் மட்டும் சாவி வேண்டும், ஏனென்றால் டேங்க் மேலே இருக்கும் கன்சோல் என்கிற உறையில் ஒரு சின்னக் கதவு, அதற்கு ஒரு பூட்டு. அதைத் திறந்தால் உள்ளே சாதாரணத் திருகு மூடிதான். நம்ம ஊர் செம்மண் புழுதி அந்தப் பூட்டுக்குள் போய் உட்கார்ந்து, போன மாதம் காரைக்குடி பங்க்கில் சாவி பாதியிலேயே நின்றுவிட்டது. பின்னால் நாலு எக்ஸெல்காரர்கள் ஹாரன் அடிக்க, நான் சாவியை ஆட்டிக்கொண்டே நின்றேன். அன்றைக்கே முடிவு செய்து, பொத்தானை அமுக்கினால் திறக்கிற செட் ஒன்றை வரவழைத்தேன்.

வேலையை வீட்டு முற்றத்தில் வைத்துக்கொண்டேன். அப்பத்தா தூணில் சாய்ந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தது. "ஊரே பூட்டுமேல பூட்டுப் போடுது, இவன் இருக்குற பூட்டக் கழட்டுறான்" என்றது. சாவிக்கொத்தை இடுப்பிலேயே செருகி வைத்திருக்கும் ஆளிடம் நான் என்ன சொல்ல?

ஹார்லியில் பாதிக்கு மேல் அங்குல அளவு, மிச்சம் டார்க்ஸ், அதாவது தலையில் நட்சத்திரக் குழி உள்ள திருகு. நம்ம மெக்கானிக் அண்ணனிடம் இருப்பது எல்லாம் எம்எம் ஸ்பேனர், அதனால் பிட் செட்டை முதலிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சீட்டைக் கழற்றி, கன்சோல் திருகுகளை எடுத்து, மெதுவாகத் தூக்கினேன். கீழே பெட்ரோல் பம்புக்குப் போகிற வயர் இருக்கிறது, வெடுக்கென்று இழுக்கக் கூடாது. பெட்ரோல் மூடியையும் இறுக்கிவிட்டு மேலே ஒரு துணியைப் போட்டுக்கொண்டேன், திருகு ஏதாவது உள்ளே விழுந்தால் அவ்வளவுதான்.

பழைய பூட்டு சுலபமாக வந்துவிட்டது. புதுசை மாட்டும்போதுதான் ஸ்பிரிங் ஒன்று துள்ளி ஓடியது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, அந்தப் பூ டிசைனில் ஒரு மிளகளவு ஸ்பிரிங்கை எப்படித் தேடுவது? பழைய ஸ்பீக்கர் காந்தத்தை நூலில் கட்டி, தரையைத் தடவித் தடவி முக்கால் மணி நேரம் கழித்துப் பிடித்தேன்.

மாட்டி முடித்து, தேவகோட்டை ரஸ்தா வரை ஒரு ரவுண்டு போனேன். முதல் வேகத்தடையிலேயே கதவு படக்கென்று திறந்துகொண்டது. கொக்கியின் நாக்கு எதிர்க் கம்பியில் சரியாக மாட்டவில்லை, ஆனால் மூடியபிறகு உள்ளே எட்டிப் பார்க்க வழி இல்லை. அப்பத்தாவிடம் கொஞ்சம் திருநீறு வாங்கிக் குழைத்து நாக்கில் பூசி, கதவை அமுக்கித் திறந்தேன். கம்பியின் ஓரத்தில் மட்டும் வெள்ளைத் தடம், நடுவில் ஒன்றுமே இல்லை. கீல் திருகுகளைத் தளர்த்தி ஒரு மில்லிமீட்டர் போல முன்னால் தள்ளி, திரும்பவும் பூசி, திரும்பவும் அமுக்கி, ஐந்தாவது தடவைதான் தடம் நடுவில் விழுந்தது. அப்புறம் திருகுகளுக்கு திருகு தளராமல் பிடிக்கிற பசையான நீல லாக்டைட் ஒரு சொட்டு வைத்து இறுக்கினேன். வேண்டாத இடத்தில் கோயில் பிரசாதம் என்று அப்பத்தா முணுமுணுத்தது, விடுங்கள்.

பூட்டு இல்லாவிட்டால் பெட்ரோலைத் திருடமாட்டார்களா என்றால், திருடலாம்தான். வீட்டு முகப்பில் நிற்கிற வண்டி என்பதால் நான் பெரிதாகக் கவலைப்படவில்லை. இரவெல்லாம் தெருவில் நிறுத்துகிறவர்கள் பூட்டை விட்டுவிடாதீர்கள். டேங்க் 22 லிட்டருக்கு மேல் பிடிக்கும், இன்றைய விலைக்கு அது சும்மா இல்லை.

இன்னும் ஒரு குறை இருக்கிறது. எண்பதைத் தாண்டினால் கதவு லேசாகக் கிடுகிடுக்கிறது. பழைய சைக்கிள் டியூபில் ஒரு பட்டை வெட்டி உள்விளிம்பில் ஒட்டியிருக்கிறேன், பசை காயட்டும். பழைய பூட்டை முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையில் போடச் சொல்கிறது அப்பத்தா. நான் எண்ணெயில் ஊறப்போட்டு வைத்திருக்கிறேன்.