மோர்வென்ஸ்டோ பாதிரியார்
இங்கிலாந்தின் கார்ன்வால் கடற்கரையில் மோர்வென்ஸ்டோ என்று ஒரு குட்டிப் பங்கு, அதாவது ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட ஊர். விக்டோரியா காலத்தில் அங்கே பாதிரியாராக இருந்தவர் ராபர்ட் ஹாக்கர். கறுப்பு அங்கியெல்லாம் பிடிக்காது. மீனவர் ஸ்வெட்டரும் நீண்ட பூட்ஸும்தான்.

கப்பல்கள் பாறையில் மோதி உடையும். கரை ஒதுங்கிய மாலுமிகளின் உடல்களைச் செங்குத்தான சரிவில் மேலே தூக்கி வரச் செய்து, தேவாலயக் கல்லறையில் முறையாக அடக்கம் செய்தார். நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள்! சிதைந்த உடல்களைச் சுமப்பது லேசான காரியமா? 1842இல் உடைந்த 'கலிடோனியா' கப்பலின் முகப்புச் சிலைதான் அதன் மாலுமிகளின் கல்லறைக்கு அடையாளமாக நின்றது; இன்று அங்கே நிற்பது அதன் நகல்.

இங்கிலாந்துத் தேவாலயங்களின் இன்றைய அறுவடை விழாவுக்கும் 1843இல் இவர் நடத்தியதையே தொடக்கம் என்பார்கள்.

அப்புறம், ஒதுங்கிய மரக்கட்டைகளால் பாறை விளிம்பில் ஒரு குடிசை கட்டி, அதில் உட்கார்ந்து கவிதை எழுதுவார். அபினும் புகைப்பாராம்! இன்று அந்தக் குடிசை, பாரம்பரிய இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் வசம்.